சபரிநாதன் காலில் ஏறிய ஆணி

சபரிநாதனால் சும்மா உட்கார முடியாது. வேலையில் இருந்தவரை அதை எல்லோரும் ஒரு நல்ல குணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மீட்டிங்கில் நின்றுகொண்டே பேசுவான். போன் வந்தால் பார்க்கிங் லாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வைப்பான். போன வசந்தத்தில் கம்பெனி ஆட்குறைப்பு செய்து அவனை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்த நல்ல குணத்தோடு முழு நாளும் குடித்தனம் செய்ய வேண்டிய பொறுப்பு வீட்டில் இருந்தவர்களுக்கு வந்து சேர்ந்தது.

கிரீன் கார்டு கைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் நாட்டை விட்டுப் போக வேண்டுமே என்ற பயம் இல்லை. வீட்டுக்குள் எங்கே போவது என்பதுதான் அவன் பிரச்சினை. காலையில் லேப்டாப்பைத் திறந்து சில வேலைகளுக்கு அப்ளை பண்ணுவான். ஃப்ரிட்ஜைத் திறப்பான், எதையும் எடுக்காமல் மூடுவான். மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினான், மறுநாள் நிறவாரியாக மாற்றினான். கழுவிய காரையே மறுபடி கழுவினான். ஹைஸ்கூலில் படிக்கும் மகள் அனன்யா அவன் மாடிப்படியில் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "டாட், யூ ஆர் மேக்கிங் மீ நெர்வஸ்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வீட்டில் காலையானால் வேலைக்கென்று போக ஓர் இடம் இருந்தது வான்மதிக்கு மட்டும்தான்.

வான்மதி அவன் மனைவி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. எம்.சி.ஏ. படித்துவிட்டுக் கல்யாணமாகி டெக்சஸ் வந்தவள், விசா இடம் கொடுக்காததால் நெடுங்காலம் வேலைக்குப் போகாமல் இருந்தாள். ஒரு நவராத்திரிக்குக் கடையில் வாங்கிய கொலுப்படி ஆட்டம் காண்கிறதென்று தானே பலகை வாங்கி அடித்தாள். சுண்டலுக்கு வந்தவர்களில் ஒருத்திக்கு அது பிடித்துப்போக, அவளுக்கொன்று. அப்புறம் அவள் அக்காவுக்கொன்று. இப்போது பக்கத்து ஊர்களான ஆலனிலும் ஃபிரிஸ்கோவிலும் தமிழர்கள் யாராவது புது வீடு வாங்கினால், பில்டர் விட்டுப்போன ஏதாவதொரு சின்னச் சாமான் அறையை, க்ளாசெட் என்பார்களே அதை, வான்மதி பூஜை அறையாக்கித் தருவாள். தூண், வளைவு, இதழ் இதழாக மரச் சட்டம், மணி தொங்கவிடக் கொக்கி எல்லாம் அவள் கைவேலை. வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலைப் பார்க்கிறார்கள், கிச்சனைப் பார்க்கிறார்கள், உடனே "வான்மதிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஒரு நாள் சபரிநாதன் அவள் மரவேலை செய்யும் கராஜில் போய் நின்றான். "நானும் வரட்டுமா?" என்றான். ஆபீஸில் பத்துப் பேரை வேலை வாங்கியவன் அதைக் கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று. வான்மதி அதைக் கவனிக்காதவள் மாதிரி, "வாங்களேன். காத்தடிக்கற கம்ப்ரெசர் கனமா இருக்குதுங்க, தூக்க ஆள் வேணும்" என்றாள்.

அப்படித்தான் அவன் மனைவிக்கு எடுபிடியானான். கம்ப்ரெசரைத் தூக்கினான், அதன் காற்றுக்குழாயான ஹோஸைச் சுருட்டினான், மரத்தூளைப் பெருக்கினான். காலையில் போட்டுக்கொள்ள ஒரு ஷூவும் ஏறிப்போக ஒரு வண்டியும் கிடைத்ததில் மனுஷனுக்கு மறுபடி பசி எடுத்தது, ராத்திரி தூக்கம் வந்தது. ஒன்றுதான் குறை. காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற அந்த நெயில் கன்னை அவன் கையில் அவள் கொடுக்கவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் காட்டிக் கொடுத்தாள்.

"இந்த மூக்கை மரத்துல அழுத்தினாத்தான் விசை வேலை செய்யும். மொதல்ல மூக்கு, அப்புறம் விசை. ஒரு தடவைக்கு ஒரு ஆணி. இந்தச் சின்ன ஸ்விட்சை அந்தப் பக்கம் தள்ளினா வேற மாதிரி. விசையைப் புடிச்சுட்டே போனீங்கன்னா, மூக்கு பட்ட எடமெல்லாம் ஆணி எறங்கும். கூரை போடறவங்களுக்கு அது. நமக்கு வேண்டாம்."

"அதுல வெச்சா ஸ்பீடா முடியுமே."

"ஸ்பீடா முடிச்சுட்டு எங்கீங்க போகோணும்?"

கன்னின் மூக்கருகே இருந்த ஒரு சக்கரத்தை அவள் காட்டினாள். ஆணித்தலை மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், ரொம்ப ஆழமாகப் போனால் மறுபக்கம். திருப்பிவிட்டு ஒரு வேண்டாத துண்டில் அடித்துப் பார்க்க வேண்டும். "ஆனா எதுக்குன்னாலும் மொதல்ல ஹோஸைக் கழட்டிரணும். ஆணி சிக்கினாலும் அப்படித்தான். காத்து இருக்கறப்ப இதுக்கிட்ட விரல் போகக் கூடாது." அந்த வாரம்தான் அவள் கன்னைப் பிரித்து, தளர்ந்துபோயிருந்த மூக்கு ஸ்பிரிங்கைத் தானே மாற்றியிருந்தாள். வெளியே கொடுக்காமல் தன் கையால் மாற்றியதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை. மூக்கை அழுத்தி அழுத்தி விட்டு அது டக்கென்று மீள்வதை அவனுக்குக் காட்டினாள்.

சாரதா ஆன்ட்டி வீட்டு வேலை வந்தது அப்போதுதான். ஆன்ட்டி கரூர்க்காரர், ஃபார்மசிஸ்டாக இருந்து ரிட்டயரானவர். மாடிப்படிக்குக் கீழே இருந்த க்ளாசெட்டில் முருகனுக்கு மண்டபம். வெள்ளிக்கிழமை காலையில் ஐயர் வந்து விக்கிரகம் வைக்கிறார், அதற்குள் முடிய வேண்டும். முதல் நாளே ஆன்ட்டி வான்மதியின் கனத்த ஷூவைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பூஜை ரூமுக்குள்ள செருப்பு ஷூவெல்லாம் எப்படிம்மா?"

"சாமி வெள்ளிக்கெழமைதானுங்க வர்றாரு ஆன்ட்டி. அதுவரைக்கும் இது என் வேலை எடம். அவரு வந்துட்டாருன்னா நானும் வெளியவே கழட்டிருவேன்."

ஆன்ட்டிக்கு மனசு ஆறவில்லை. உள்ளே போய், மஞ்சளில் பிடித்த ஒரு பிள்ளையாரை வெற்றிலையில் வைத்துக்கொண்டு வந்து அறையின் ஒரு மூலையில் உட்காரவைத்தார். வான்மதி பிள்ளையாருக்குக் கும்பிடு போட்டாள், ஷூவைக் கழற்றவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பசை தீர்ந்துபோயிற்று. வான்மதி வாங்கிவரக் கிளம்பினாள். "பெருக்கி வெச்சுடுங்க. கன்னைத் தொட்டுடாதீங்க, என்ன?" என்றாள். சின்னப் பையனுக்குச் சொல்வது போல அவள் சொன்னது சபரிநாதனுக்குச் சுருக்கென்றது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பெருக்கி முடித்தான். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினான். வளைவின் மேல் அடிக்க வேண்டிய இதழ்ச் சட்டங்கள் அறுத்துத் தயாராகக் கிடந்தன. கம்ப்ரெசர் நிறைந்து அமைதியாக நின்றது. அவள் திரும்பி வரும்போது மேல் வரிசை முழுக்க முடிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

சாரதா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "வேலை ஆகுதாப்பா?" என்றார். பார்வை அவன் ஷூவில் இறங்கி, மூலையில் இருந்த பிள்ளையாரிடம் போய், மறுபடி ஷூவுக்கே வந்தது. வான்மதிக்கு வந்த வார்த்தை அவனுக்கு வரவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் ஷூவோடு நிற்கிறோமே என்று அவனுக்கே உறுத்தியது. வாசலில் வந்து ஷூவைக் கழற்றினான், சாக்ஸையும் கழற்றினான். ஆன்ட்டி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டான். அந்த மட்டில் ஜாக்கிரதைக்காரன்தான். ஸ்விட்சை அந்தப் பக்கம் தள்ளினான். முதல் சட்டம் நன்றாக உட்கார்ந்தது, இரண்டாவதும். தட் தட்டென்று ஆணி இறங்குகிற வேகத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. எத்தனை மாதமாயிற்று, கண்ணுக்கு முன்னால் ஒரு வேலை முடிவதைப் பார்த்து! அடுத்த சட்டத்தில் ஆணி சிக்கிக்கொண்டது. ஹோஸைக் கழற்ற வேண்டும் என்று தெரியும். கழற்றி மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த நிமிஷம் அவனிடம் இல்லை. மூக்கைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, வளைந்த ஆணியை எடுத்தெறிந்தான். மூக்கை மூடினான். அடுத்த சட்டத்தை எடுக்கத் திரும்பியபோது கன்னைப் பிடித்த கை தாழ்ந்தது. விரல் விசையிலேயே இருந்தது. மூக்கு இடது பாதத்தில் பட்டது.

சத்தம் எப்போதும் போலத்தான் கேட்டது. வலி ஒரு கணம் கழித்துத்தான் வந்தது. பெருவிரலுக்குப் பின்னால், பாதத்தின் மேல்பக்கம், ஆணித்தலை ஒரு சின்னப் பொட்டு மாதிரி தெரிந்தது. அதைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்தது. அவன் கத்தவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சபரிநாதன் குனிந்து, அந்தச் சின்ன ஸ்விட்சைப் பழைய பக்கத்துக்கே தள்ளி வைத்தான்.

அதற்கப்புறம்தான் "மதி" என்று கூப்பிட்டான்.

வான்மதி ஓடிவந்தாள். ஆணியைப் பிடுங்கப் போன அவன் கையைத் தட்டிவிட்டாள், துண்டால் சுற்றினாள், ஆன்ட்டி ஒரு பக்கம் பிடிக்க அவனைக் காரில் ஏற்றினாள். முதலில் ஹோஸைக் கழற்றினாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எப்படிங்க ஆச்சு?"

"எடம் பெருக்கணும்னு கன்னை நகத்தி வெச்சேன். அதுவா வெடிச்சுருச்சு."

"விசையைத் தொட்டீங்களா?"

"இல்ல."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த ஸ்பிரிங்" என்றாள். அவனுக்கு அப்போது அது புரியக்கூட இல்லை. தப்பித்தோம் என்று மட்டும் ஒரு நினைப்பு, வலிக்கு நடுவிலும்.

எலும்புக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஆணி இறங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஆணியை எடுத்தார்கள், டெட்டனஸ் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, காலை உயரத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். சபரிநாதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

வியாழக்கிழமை காலையில் ஹால் சோபாவில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். ராத்திரியே ஆன்ட்டி வீட்டிலிருந்து சாமான்களை எடுத்து வந்திருந்த வான்மதி டைனிங் டேபிளில் பேப்பர் விரித்து நெயில் கன்னை அக்கக்காகப் பிரித்து வைத்திருந்தாள். ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அதை அழுத்தி விட்டாள், மறுபடி அழுத்தினாள். திரும்ப மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போனாள். கம்ப்ரெசர் இரைந்தது. தட். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட். தரையில் வைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். எப்படியாவது அது தானாக வெடிக்க வேண்டும் என்று அவள் பாடுபடுவது சபரிநாதனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெடிக்காது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். காலை இந்தப் பக்கம் மாற்றினான், அந்தப் பக்கம் மாற்றினான். போனை எடுத்தான், வைத்தான்.

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு தடவைகூடத் தப்பு பண்ண மாட்டேங்குதுங்க."

"அப்போ சரியாத்தான் இருக்கு. விடு."

"எப்படி விடறது? எப்பவும் தப்பு பண்ணினா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம். என்னைக்கோ ஒரு நாள் பண்ணுதுன்னா, அது என் வேலையிலதான் கோளாறு. நான் மாட்டின ஸ்பிரிங்." கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "நேத்து உங்க கால். போன வாரம் ஃபிரிஸ்கோல அந்தக் கொழந்தை என் பக்கத்துல ஓடி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அது கண்ணுல பட்டிருந்தா?"

"அப்படியெல்லாம் ஆகாது மதி."

"ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் காலுக்கு அடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தான்.

"ஆன்ட்டிகிட்டச் சொல்லிடறேன். நாளைக்குச் சாமியை டேபிள்ல வெச்சுக்கட்டும், மண்டபத்தை வேற யாராவது முடிச்சுக் கொடுக்கட்டும். இந்தச் சாமானையெல்லாம் ஃபேஸ்புக்ல போட்டு யாருக்காவது கொடுத்துடலாம். இல்ல, கன்னை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதை ஒடச்சுத்தான் போடணும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் சபரிநாதனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லி ஒப்பேற்ற முடிந்திருக்கும். அவள் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டு, மளிகைச் சாமான் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நெஜமாவே எனக்குப் பிடிச்சிருந்ததுங்க இந்த வேலை" என்றாள். பிடிச்சிருந்தது என்று முடிந்துபோனதாக அவள் சொன்னதை அவன் கவனித்தான்.

மேஜைமேல் இருந்த போனை எடுத்து, சாரதா ஆன்ட்டியின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

சபரிநாதன் தலையணைமேலிருந்து காலை இறக்கினான். வலி முழங்கால் வரைக்கும் ஏறியது. ஒரு மனுஷன் தான் சொன்ன பொய்யோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் குடும்பம் நடத்தலாம். அந்தப் பொய்க்கு வேறொருத்தி தண்டம் கட்டுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பதுதான் ஆகாத காரியம்.

"போன் பண்ணாதே" என்றான். "அதுவா வெடிக்கல. நான்தான் அடிச்சேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"மேல் வரிசையை முடிச்சு வெக்கலாம்னு நெனச்சேன். ஸ்விட்சை மாத்திட்டேன். ஆணி சிக்குச்சு, ஹோஸைக் கழட்டாம எடுத்தேன். விசையில விரல் இருந்துச்சு. உன் ஸ்பிரிங்ல ஒண்ணுமில்ல."

"ஷூ?"

"ஆன்ட்டி பார்த்தாங்க. பிள்ளையார் இருந்தாரு. கழட்டிட்டேன்."

வான்மதி போனை மேஜைமேல் வைத்தாள். மூச்சை இழுத்து விட்டாள். நேற்றிலிருந்து அவள் விடாமல் வைத்திருந்த மூச்சு அது. நிம்மதியில் அவள் தோள் இறங்குவதை அவன் பார்த்தான். திட்டுவாள், திட்டி முடித்தால் தீர்ந்துவிடும் என்று காத்திருந்தான். அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து பாத்தப்ப ஸ்விட்சு சரியாத்தானே இருந்துச்சு?"

அவன் காலில் இருந்த கட்டின் ஓரத்தைத் தடவினான்.

"எப்பத் திருப்பி வெச்சீங்க?"

"நீ வர்ற கார் சத்தம் கேட்டுச்சு."

"ஆணி கால்ல இருக்கறப்பவா?"

"ஆமா."

அவள் அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சபரிநாதனுக்கு அப்போது வந்த வெட்கம் வேலை போன அன்றுகூட வந்ததில்லை.

"உனக்குத் தெரிஞ்சா இனிமே என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டியோன்னு நெனச்சேன்" என்றான். "காலைல எந்திரிச்சா எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல மதி."

வான்மதி எழுந்து கராஜுக்குப் போனாள். ஹோஸைச் சுருட்டி வண்டியில் போடும் சத்தம் கேட்டது. கன்னை அதன் பெட்டியில் வைத்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, வாசல் பக்கத்தில் உட்கார்ந்து, கனத்த ஷூவை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினாள். "ஆன்ட்டி வீட்டுல இன்னைக்கு முடிச்சுருவேன். சாப்பாடு அடுப்புமேல இருக்கு" என்றாள்.

கம்ப்ரெசரை அவள் தூக்கப்போவது தெரிந்ததும் சபரிநாதன் பழக்க தோஷத்தில் எழுந்து ஒற்றைக் காலில் நின்றான்.

"உக்காருங்க."

"கால் ஆறினதும் வர்றேன்."

அவள் கதவில் கை வைத்தபடி நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்விட்சை மாத்தினதுக்கும், ஹோஸைக் கழட்டாததுக்கும் திட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேனுங்க. கத்துக்கறவங்க பண்றதுதான் அது. திருப்பி வெச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் கூட்டிட்டுப் போக முடியல. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னாலும், மொதல்ல எதைச் சரி பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியணும்."

கதவு சாத்திக்கொண்டது. கராஜில் அவள் முனகிக்கொண்டே கம்ப்ரெசரைத் தனியாகத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். வண்டி பின்னால் நகர்ந்து தெருவுக்குப் போயிற்று. சபரிநாதன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே அந்தச் சத்தம் முழுசாகத் தேயும்வரை கேட்டான். பிறகு உட்கார்ந்தான்.